ஈர நிலையில் மட்டும்

செஞ்சியில் தரை ஆய்வாளர் சாலமன் எந்த வீட்டுக்குள் கால் வைத்தாலும் அந்த வீட்டுத் தரை ஈரமாகிவிடும். வாளித் தண்ணீரை வீசிக் கழுவி, துடைப்பத்தால் வெளியே தள்ளிய பிறகு கொஞ்சம் மிச்சம் நிற்குமே, அந்த அளவு ஈரம். லேசாகச் சோப்புத்தூள் வாசனையும் அடிக்கும். மேலேயிருந்து ஒழுகுவதில்லை, கீழேயிருந்து ஊறுவதுமில்லை. அவர் படி தாண்டி வெளியே போனதும் காய்ந்துவிடும். கல்லோ சிமெண்டோ டைல்ஸோ, மனிதர் கை வைத்துப் போட்ட தரையாக இருந்தால் நனையும். வெறும் மண் மட்டும் நனையாது. அவர் மனைவி ராயம்மாள் இறந்த வாரத்திலிருந்து இப்படித்தான் இருக்கிறது.

தரையைப் பார்த்துச் சொல்வதற்கு ஒரு ஆள், அதற்கு ஒரு சான்றிதழ் வேறா என்று முதலில் நம்மூர் சிரிக்கத்தான் செய்தது. குனிந்து பார்க்கத் தெரிந்தவனெல்லாம் தரையைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிற ஊர் இது. சாலமன் அப்போது துரைக்கண்ணுவின் டைல்ஸ் கடையில் விற்பனைக்கு நின்றுகொண்டிருந்தார். டைல்ஸ் பெயர்ந்துகொண்டு வந்தால் கம்பெனிக்காரன் கொத்தனாரைச் சொல்வான், கொத்தனார் கம்பெனியைச் சொல்வார், வீட்டுக்காரர் நடுவில் நின்று விழிப்பார். சான்று பெற்ற ஆய்வாளர் வந்து சொன்னால்தான் கேட்போம் என்று கம்பெனிகள் ஒரேயடியாகச் சொல்லிவிட்ட பிறகு, சாலமன் சென்னைக்குப் போய்ப் படித்து, எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் எழுதித் தேறி வந்தார். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூடக் கழற்றவில்லை. நற்கருணை வாங்கும்போதாவது கழற்றக் கூடாதா என்று ராயம்மாளே கேலி செய்ததுண்டு.

ஆனால் ஆள் வேலையில் சுத்தம். கோலால் தட்டிப் பார்த்து, டைல்ஸுக்கு அடியில் கலவை இல்லாமல் எங்கே பொக்கு என்று சொல்வார். ரசமட்டம் வைப்பார். ஊசல் போல ஆடி, நுனியிலிருக்கும் ரப்பரைத் தரையில் உரசிவிட்டுப் போகும் கருவி ஒன்று வைத்திருந்தார். தரை வழுக்குமா என்பதை அது காட்டும். எல்லாம் முடிந்தாலும் உடனே அறிக்கை எழுதிவிட மாட்டார். விற்றவர், தேர்ந்தெடுத்தவர், பதித்தவர், புழங்குகிறவர் என்று ஒருவர் விடாமல் கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும் என்பது சான்றிதழ்ப் புத்தகத்தின் விதி. அந்தப் புத்தகம் அவருக்கு வேதாகமத்துக்கு அடுத்தபடி.

திருவண்ணாமலை சாலையில் அவர் சொந்த வீடு கட்டி முடிந்தபோது, திண்டிவனத்தில் நர்ஸாக இருந்த மகள் லூசி கடைக்கு வந்து டைல்ஸ் எடுத்தாள். வெள்ளை நிறம், குனிந்தால் முகம் தெரியும். வழுக்காதா நைனா என்று அவள் கேட்டாள். பதித்து முடிந்ததும் சாலமன் கூடத்தில் கருவியை வைத்து உரசிப் பார்த்தார், எண் நன்றாகவே வந்தது. "நான் பாத்துட்டேன், வழுக்காது" என்றார். தன் வீடுதானே என்று விடாமல் முறைப்படி அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குளியலறை, படிக்கட்டு, பின்கட்டு ஆகியவற்றைத்தான் ஈரமாக்கிச் சோதிக்க வேண்டும், கூடம் உலர்ந்த இடம் என்கிறது அந்தப் புத்தகம். எழுதியவர்கள் எந்த ஊர்க்காரர்களோ தெரியவில்லை. சனிக்கிழமையானால் கூடத்தைக் கழுவிவிடாத வீடு செஞ்சியில் கிடையாது. விசேஷம் என்றால் கேட்கவே வேண்டாம், வாசல்வரை தண்ணீர் ஓடும். சாலமனின் அம்மா கழுவினாள், மனைவி கழுவினாள், சின்ன வயதில் அந்தத் தண்ணீரில் வயிற்றால் சறுக்கி விளையாடி அவரே அடி வாங்கியிருக்கிறார். தேர்வுக்குப் படித்தபோது இதை மட்டும் எப்படியோ மறந்துபோனார். படித்தவருக்கு அப்படி ஒரு மறதி வருவது அதிசயமில்லை.

சாமியார் வந்து ஜெபித்துத் தீர்த்தம் தெளித்துப் புது வீட்டை மந்திரிக்கிற நாளன்று காலையில், அவர் கால் வைக்கிற இடம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ராயம்மாள் கூடத்தைக் கழுவினாள். சோப்புத்தூளைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டிருந்தாள். பின்பக்கமாக விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. வீடு மந்திரிக்க வந்த சாமியார் சாகிறவர்களுக்கான எண்ணெயை எடுத்து அவளுக்கு அவஸ்தை பூசிவிட்டு, கொண்டுவந்த தீர்த்தத்தைத் தெளிக்காமல் திரும்பிப் போனார். லூசி அப்போது கையில் பூமாலையோடு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள்.

அடக்கம் முடிந்த பிறகு லூசி அந்த வீட்டுக்குள் வரவில்லை. மாதா மாதம் வருவாள், கேட்டுக்கு வெளியே நின்று அப்பாவுக்கான பிரஷர் மாத்திரையைக் கொடுப்பாள், சாப்பிட்டீர்களா என்று கேட்பாள், அடுத்த பஸ்ஸுக்குப் போய்விடுவாள். உள்ளே வா என்று அவர் கூப்பிட்டதில்லை. அம்மாவைக் கொன்ற கையெழுத்து தன்னுடையது, எந்த முகத்தோடு கூப்பிடுவது என்பது அவர் நினைப்பு.

ஈரத்தை ஊர் முதலில் பார்த்தது ஏழாம் நாள் பூசையில். சாலமன் வந்து உட்கார்ந்ததும் கோயில் தரை முழுக்க நனைந்தது, பெண்கள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். சாமியார் கூரையைப் பார்த்தார், பிறகு சாலமனைப் பார்த்தார், பூசையைத் தொடர்ந்தார். ஒரு அமாவாசையன்று மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸில் அவர் ஏறியபோது, யாருய்யா கேனைக் கவிழ்த்தது என்று கண்டக்டர் கத்திவிட்டு, விஷயம் தெரிந்ததும் படிக்கட்டை ஒட்டி இடம் கொடுத்தார். ஓர் அலுவலகத்தில் வருஷக்கணக்காகத் தரையில் கிடந்த கோப்புக்கட்டுகள் அவர் புண்ணியத்தில் மேஜைமேல் ஏறின. கொஞ்ச நாளில் எல்லாருக்கும் பழகிவிட்டது. வெயில் காலத்தில் அவரை உட்காரவைத்துப் பேச ஆசைப்பட்டவர்களும் உண்டு.

வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்த துரைக்கண்ணுவின் கணக்கு தப்பியது. குடிபோகும் முன்பு சாலமனைக் கூப்பிடுவது செஞ்சியில் வழக்கமாயிற்று. அவர் உள்ளே போவார், வீடு நனையும், வீட்டுக்காரர்கள் வெறுங்காலோடு மெல்ல நடந்து பார்ப்பார்கள். கால் நின்றால் பால் காய்ச்சுவார்கள், வழுக்கினால் டைல்ஸை மாற்றுவார்கள். சான்றிதழைப் புதுப்பிக்கச் சென்னைக்குப் போனபோது தேர்வுக்கூடமும் நனைந்தது. ஈரமானி எல்லாத் தரைக்கும் ஒரே எண்ணைக் காட்டியது. தேர்வாளர்களில் ஒருவர் சறுக்கி உட்கார்ந்தார். அவர்கள் தங்களுக்குள் பேசி, "ஈர நிலையில் மட்டும் செல்லும்" என்று ஒரு ரப்பர் முத்திரை செய்யச் சொல்லி, சான்றிதழில் குத்திக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு செஞ்சியில் யாரும் கூடத்தில் வழுக்கி விழுந்ததாகத் தகவல் இல்லை. ஊரே அவரைப் பாராட்டியது. பாராட்டு வாங்கி வந்த ஒவ்வொரு நாளும் அவர் ராயம்மாள் விழுந்த இடத்தின் ஓரமாக உட்கார்ந்து அழுதார்.

கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் டைல்ஸ் பதித்தபோது ராயம்மாளின் கல்லறையை மட்டும் அவர் மண்ணாகவே விட்டுவைத்தார். அவர் கால் நனையாமல் உட்கார்ந்த இடம் அது ஒன்றுதான். கல்லறைத் திருநாளில் லூசி எதிர்ப்பக்கம் நின்று மெழுகுவர்த்தி ஏற்றுவாள். காற்று ஜாஸ்தி என்பாள். ஆமாம் என்பார்.

அந்த மாதிரி ஒரு திருநாள் முடிந்த மறுநாள், சாலமன் என்ற ஆய்வாளரின் தகுதியை விசாரிக்க வேண்டும் என்று சாலமனே சான்றிதழ் கொடுத்த ஆய்வாளர் சங்கத்துக்குப் புகார் எழுதினார். குற்றம் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதை மகளிடம் கொண்டுபோய்க் காட்டி, நீ நினைத்தது சரிதான் என்று ஒப்புக்கொள்ளலாம். அதற்குப் பிறகாவது அவள் வாசற்படி ஏறுவாள் என்பது அவருடைய கணக்கு. சங்கம் விழுப்புரத்திலிருந்து அன்புக்கரசி என்ற ஆய்வாளரை அனுப்பியது. சின்ன வயது, ஆனால் அவசரப்படாத பெண். சாலமனைத் தெருவில் நிற்கவைத்துவிட்டு உலர்ந்த கூடத்தில் கருவியை ஆட்டினாள், எண் நன்றாக வந்தது. அவரை உள்ளே கூப்பிட்டு, நனைந்த பிறகு ஆட்டினாள், ரப்பர் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் நடந்து பார்த்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"புத்தகப்படி ஹாலுக்கு டிரை டெஸ்ட்தான் சார்," என்றாள். "நீங்க பண்ணது கரெக்ட்டுதான்."

"புத்தகத்த உடும்மா. இந்த ஊர்ல ஹால கழுவுவாங்கன்னு எனக்குத் தெரியுமா, தெரியாதா? அத்த எழுது."

அன்புக்கரசி உடனே எழுதவில்லை. விற்ற துரைக்கண்ணுவைக் கேட்டாள், பதித்த கொத்தனாரைக் கேட்டாள். டைல்ஸைத் தேர்ந்தெடுத்தது யார் என்று கேட்டபோது, அவளைக் கூப்பிட வேண்டாம் என்று சாலமன் கெஞ்சினார். ஒருவரை விட்டுவிட்டு எழுதினால் அது அறிக்கை ஆகாது, இது உங்களுக்குத் தெரியாததா என்று சொல்லிவிட்டு அவள் லூசிக்குப் போன் செய்தாள்.

லூசி டியூட்டி முடிந்து வெள்ளை உடுப்போடு வந்தாள். ஆய்வாளர் கேள்வி கேட்கக் கூப்பிட்டிருந்ததால் கேட்டைத் தாண்டி வாசற்படிவரை வந்து, அங்கேயே நின்றாள். உள்ளே சாலமன் ஈரத்தில் நின்றார். தேர்ந்தெடுத்தது நீங்களா என்று அன்புக்கரசி கேட்டாள்.

"நான்தான். அம்மா சொரசொரப்பா ஒண்ணு எடுத்து வெச்சிருந்தாங்க. இன்னாம்மா இது, மாட்டுக்கொட்டா தரை மாதிரி இருக்குதுன்னு நான்தான் மாத்திட்டேன்." அவள் அப்பாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினாள். "அது நைனாவுக்குத் தெரிஞ்சிபோச்சின்னு நெனச்சேன். அதனாலதான் என்ன உள்ள வான்னு ஒரு நாளும் கூப்புடல."

சாலமனுக்கு அது தெரியாது. ராயம்மாள் அவரிடம் சொல்லவே இல்லை. மகள் எடுத்ததே நல்லாத்தான் இருக்குது என்று மட்டும் சொல்லியிருந்தாள். இத்தனை வருஷம் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தர், ஆளுக்கொரு பழியைத் தூக்கிக்கொண்டு நின்றது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. சுவரைப் பிடித்தபடி வாசற்படிவரை வந்து கையை நீட்டினார்.

"செருப்ப உட்டுட்டு வா. கைய கெட்டியா புடிச்சிக்க, வழுக்கும்."

லூசி செருப்பை விட்டாள். கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அடிமேல் அடி வைத்து, ராயம்மாள் விழுந்த இடம்வரை நடந்தார்கள். அங்கே லூசி வெள்ளை உடுப்போடு தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அறிக்கையில் அன்புக்கரசி யாரையும் குற்றம் சொல்லவில்லை. இந்த ஊரில் கூடம் ஈரமான இடம் என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

தரை அதற்குப் பிறகும் காயவில்லை. டைல்ஸையும் அவர்கள் மாற்றவில்லை. லூசி சனிக்கிழமைகளில் வந்து தங்குகிறாள், கால் துடைக்க வாசலில் ஒரு பழைய புடவையை மடித்துப் போட்டிருக்கிறாள். போன மாதம் சாமியார் வந்து, விட்டுப்போன மந்திரிப்பை முடித்துக் கொடுத்தார். அப்பாவும் மகளும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொள்ள, அவர் வெறுங்காலோடு மெல்ல அறை அறையாக நடந்து தீர்த்தம் தெளித்தார். அது ராயம்மாள் கழுவிவிட்ட தண்ணீரோடு கலந்து வாசல்வரை நின்றது.