இருபத்திரண்டு முடிச்சுகள்

கோபம் வந்தால் எனக்குக் கண் மண் தெரியாது. இதை என் அம்மா சொல்வாள், சித்தி சொல்வாள், எங்கள் பள்ளியில் மணி அடிப்பவர்கூடச் சொல்வார். ஆனால் அந்தக் கயிறுகளை நான் வெட்டியது கோபத்தில் இல்லை. நல்ல சந்தோஷத்தில், பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வெட்டினேன். அதை நினைத்தால்தான் இன்னும் ஆத்திரம் வருகிறது.

தேசியச் சாரணர் பெருமுகாமின் மூன்றாம் நாள். கண்ணுக்கு எட்டிய வரை கூடாரங்கள், பன்னிரண்டாயிரம் பிள்ளைகள். குளிக்க வரிசை, சாப்பிட வரிசை, வரிசையில் நிற்கச் சீட்டு வாங்க ஒரு வரிசை. எங்கள் பள்ளியிலிருந்து எட்டுப் பெண்கள், மைனா அணி என்று பெயர். நான் அணித் தலைவி. துணைக்கு வந்தவர் கணக்கு டீச்சர். போட்டி நேரத்தில் ஆசிரியர்கள் எல்லைக் கோட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது என்பது முகாம் விதி. வகுப்பில் நாற்பது நிமிடமும் மூச்சு விடாமல் பேசுகிறவர் அந்த விதியால் பாதி இளைத்துப் போயிருந்தார்.

அன்று வாசல் கட்டும் போட்டி. ஆணி கிடையாது, கம்பி கிடையாது; மரக்கழிகளையும் கயிற்றையும் மட்டும் வைத்துக் கூடாரத்துக்கு முன்னால் ஒரு வாசல் எழுப்ப வேண்டும். பக்கத்துக் கூடாரத்து நீலத் துண்டுக்காரிகள் கழுத்தில் நீலத் துணியும் முகத்தில் ஏகப்பட்ட மிதப்புமாகத் திரிவார்கள். அவர்கள் இரண்டு அடுக்கு வாசல் கட்டியதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் பழைய கயிறெல்லாம் தீர்ந்துவிட்டது. மூட்டைக்குள் இரண்டு புதுக் கயிறு இருந்தது, வெள்ளை வெளேரென்று, ஒவ்வொன்றும் இருபத்தைந்து மீட்டர். கத்தியை எடுத்தேன்.

"அக்கா, அது பாலப் போட்டிக்குக் கொண்டாந்த கயிறு இல்லையா?" என்று கேட்டாள், 'பாதி' என்று நாங்கள் கூப்பிடுகிறவள்.

"பாலத்துக்கு அவங்களே எல்லாம் குடுப்பாங்க. போன வருஷம் குடுத்தாங்கல்ல? நீ வந்து எனக்கு சொல்றியா? போ, போய் அந்தக் கழிய பிடி."

அவள் போய்க் கழியைப் பிடித்தாள். நான் இருபத்து நான்கு துண்டு போட்டேன்.

பாதி என் சித்தி மகள். கீழே எங்கள் வீடு, அம்மாவின் தையல் மிஷின். மாடியில் சித்தி வீடு. முன்னால் சித்தியின் ஜெராக்ஸ் கடை. இவளுக்குப் பாதி என்று பெயர் வந்தது போன வருட மாநில முகாமில். குரங்குப் பாலம் என்று ஒன்று உண்டு. காலுக்குக் கீழே ஒரே ஒரு தடித்த வடம், இரண்டு கைக்கும் பக்கத்துக்கு ஒரு கயிறு, அவ்வளவுதான். அதில் நடந்து அக்கரைக்குப் போய் மணியடிக்க வேண்டும். இவள் சரியாகப் பாதி தூரம் போய் நின்றுவிட்டாள். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. கடைசியில் ஏணி வைத்து, தீயணைப்புக்காரர் ஒருவர் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார். மறுநாள் காலை பள்ளியில் "பாதி வந்தாச்சா? மீதி எப்போ வரும்?" என்று ஆரம்பித்தார்கள். பிறகு ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள்கூட அப்படியே கூப்பிட்டார்கள். சண்டை போட்டுப் பார்த்தேன், இரண்டு பேரின் சடையைப் பிடித்து இழுத்தும் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நாளில் அவளே அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினாள். நானும் அப்படியே கூப்பிடத் தொடங்கினேன். வெட்கக்கேடு, ஆனால் அதுதான் உண்மை.

முகாமுக்கு ரயிலில் வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இந்தத் தடவை அந்தக் கரைக்குப் போயே ஆகணும்க்கா. இல்லன்னா நான் கிழவியாகுற வரைக்கும் பாதிதான்."

எங்கள் வாசல் முதல் பரிசு வாங்கியது. மைனாவின் இறக்கை விரித்த மாதிரி கழிகளைக் கட்டியிருந்தோம். தங்க நிறக் காகிதப் பூ ஒன்றை நடுவர் அதில் குத்திவிட்டுப் போனார். நீலத் துண்டுக்காரிகளின் முகம் போன போக்கைப் பார்த்து அன்று எனக்குச் சாப்பாடே தேவைப்படவில்லை.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு, அறிவிப்புத் தாளைக் கையில் பிடித்தபடி பாதி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, இதோட பின்பக்கம் படிச்சியா?"

படிக்கவில்லை. அணிக்கு அந்தத் தாளை உரக்கப் படித்துக் காட்டியவளே நான்தான்; தாளைத் திருப்பவில்லை. பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. பாலப் போட்டிக்குக் கால் வடமும் கழிகளும் முகாமில் தருவார்கள். கைப்பிடிக் கயிறு இரண்டும் அணி தன் மூட்டையிலிருந்தே கொண்டுவர வேண்டும். இரவல் வாங்கினால் அணி நீக்கப்படும். எட்டுப் பேரும் கடந்தால்தான் கணக்கு. ஒருத்தி தவறினாலும் பூஜ்யம். போட்டி மதியம் இரண்டு மணிக்கு.

அவள் என்னைத் திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவளோ வாசலை ஏற இறங்கப் பார்த்தாள். கடைசி நாளுக்கு முன்னால் வாசலைப் பிரித்தால் பரிசு போய்விடும், அதுவும் விதிதான்.

"பிரிக்க வேணாம்க்கா. போட்டிக்குப் போகலன்னு சொல்லிடலாம்" என்றாள். "எனக்குப் பரவால்ல."

பரவாயில்லை என்று சொன்ன குரலைக் கேட்டேன். ஒரு வருடமாகக் கேட்கிற குரல்தான். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அந்தக் காகிதப் பூவைப் பிடுங்கிக் கீழே எறிந்துவிட்டு, முதல் முடிச்சை நானே அவிழ்த்தேன்.

"ஐயையோ! நாள் முழுக்க உசிரக் குடுத்துக் கட்டினோமேடி!" என்று எங்கள் சமையல்காரி அலறினாள். அடுப்பு மூட்டுவதில் கெட்டிக்காரி என்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

"தப்பு பண்ணது நான். ஊருக்குப் போனதும் எல்லாரும் சேர்ந்து என்னை மொத்துங்க. இப்போ அவுருங்க."

அவிழ்த்தோம். கிடைத்தது கயிறு இல்லை, கயிற்றுத் துண்டுகள். ஒவ்வொன்றும் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் கூட. பாதி மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டாள்.

"மீனவர் முடிச்சு போட்டா ஒவ்வொண்ணும் ஒரு முழம் விழுங்கும். ஒரு பக்கத்துக்குப் பன்னண்டு துண்டு, பதினோரு முடிச்சு. போக இருபது மீட்டர் நிக்கும். நமக்குப் பதினெட்டு போதும்."

எல்லைக் கோட்டுக்கு வெளியே கணக்கு டீச்சர் தலையைத் தலையை ஆட்டினார். போட்டி இன்னும் தொடங்கவில்லை, அவர் தாராளமாகப் பேசியிருக்கலாம். பதற்றத்தில் அது அவருக்கே மறந்துவிட்டது.

முடிச்சுப் போட உட்கார்ந்தவள் பாதி. போன வருடத்துக்குப் பிறகு ஏறுகிற வேலை எதையும் அவளுக்கு யாரும் தரவில்லை. தரையில் உட்கார்ந்து முடிச்சுப் போடு என்று விட்டுவிட்டோம். ஒரு வருடமாக அவள் அதைத்தான் செய்தாள். இரண்டு நுனியையும் எதிரெதிரே வைத்து, ஒன்றின் மேல் ஒன்றைச் சுற்றி, எச்சில் தொட்டு, காலால் மிதித்து இழுப்பாள். நானும் இரண்டு போட்டேன். அவள் பார்த்துவிட்டுப் பேசாமல் அவிழ்த்து மறுபடி போட்டாள். வேறு நாளாக இருந்தால் நடந்திருப்பதே வேறு. அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டு மணிக்கு ஓடைக்கரையில் பதினாறு அணிகள். மற்றவர்களின் கயிறுகள் வழுவழுவென்று பளபளத்தன. எங்கள் கயிற்றைப் பார்த்து நீலத் துண்டுக்காரிகளின் தலைவி, "என்னடி இது, துணி காயப்போடவா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். என் கை தானாக அவள் சடைப் பக்கம் நீண்டது, பாதி பிடித்துக்கொண்டாள்.

நடுவர் வந்தார். மீசைக்குக் கீழே எப்போதும் விசில் தொங்குவதால் அவரை விசில் சார் என்றுதான் முகாமே கூப்பிட்டது.

"இது என்னம்மா?"

"கயிறு எங்களுது சார். துண்டு போட்டதும் நாங்க, சேத்ததும் நாங்க. இரவல் ஒரு சாண்கூட இல்ல."

விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். முடிச்சு கூடாது என்று எங்கும் இல்லை. பிறகு கயிற்றை மரக்கிளையில் போட்டு, ஒவ்வொரு முடிச்சையும் பிடித்துத் தன் முழு உடம்பையும் தொங்கவிட்டுப் பார்த்தார். நல்ல கனமான மனிதர். இருபத்திரண்டிலும் தொங்கிவிட்டு, மூச்சு வாங்க, "யார் போட்டது?" என்று கேட்டார். பாதி கையைத் தூக்கினாள். தாளில் குறித்துக்கொண்டு போய்விட்டார்.

பாலங்கள் எழும்பியபோது மழை பிடித்துக்கொண்டது. சும்மா தூறல் இல்லை, கொட்டு கொட்டென்று கொட்டியது. அந்த வழுவழுக் கயிறெல்லாம் விலாங்கு மீனாகிவிட்டன. ஒவ்வொரு பாலத்திலும் கை வழுக்கி, பிள்ளைகள் பாதுகாப்பு வாரில் தொங்கினார்கள். நீலத் துண்டுக்காரிகளில் ஐந்து பேர் போனார்கள். ஆறாமவள் ஓடைக்கு மேலே ஊஞ்சலாடினாள். எங்கள் பெண்களுக்கு ஐந்து அடிக்கு மேல் வழுக்க வழியில்லை. கை சறுக்கினால் ஒரு முடிச்சில் வந்து நிற்கும். ஒருத்தி, இரண்டு பேர், மூன்று பேர்... சமையல்காரி கண்ணை இறுக மூடிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். ஆறு பேர் மணியடித்தாயிற்று.

ஏழாவதாகப் போனவள் பாதி. தலைவி கடைசியாகத்தான் போக வேண்டும், அது சாரணர் முறை. அதனால் நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு இக்கரையில் நின்றேன்.

நன்றாகத்தான் போனாள். நடுவில் வடம் தாழ்கிற இடம் வந்ததும் நின்றாள்.

அதே இடம். தோள் இரண்டும் காது வரை ஏறிவிட்டன. முழங்கால் நடுங்க, வடம் மொத்தமும் நடுங்கியது. கரையில் யாரோ "பாதி! பாதி!" என்று கத்தினார்கள். எங்கள் மாநிலத்துக்காரர்கள்தான், வேறு யார். விசில் சார் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிடம் அசையாமல் நின்றால் இறக்கிவிடுவார்கள்.

தொண்டை வரை வந்த கத்தலை விழுங்கினேன். போன வருடம் நான்தான் எல்லாரையும்விட அதிகமாகக் கத்தினேன்.

"ஏய், இங்க கேளு," என்றேன். "எத்தனாவது முடிச்சு உன் கையில இருக்கு?"

அவள் தலையைத் திருப்பித் தன் கையைப் பார்த்தாள்.

"ஆறு."

"அது யார் போட்டது?"

"நான்."

"அடுத்தது ஏழு. அது?"

"நான்தான்."

"எல்லாத்திலயும் அந்த மீசைக்காரர் தொங்கிப் பாத்தாச்சு. உனக்கு இன்னும் யார் மேலடி சந்தேகம்?"

விசில் சார் என்னைத் திரும்பி முறைத்தார். பாதியின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்தேன். அவள் சிரித்தாள். வலது கை ஆறை விட்டுக் கயிற்றோடு நகர்ந்தது. இடது கை. கால். ஏழைப் பிடித்தாள். "எட்டு!" என்று அவளே சத்தமாகச் சொன்னாள். அக்கரையிலிருந்த ஆறு பேரும் சேர்ந்து "ஒன்பது!" என்றார்கள். "பத்து!" என்று கேட்டது எல்லைக் கோட்டுக்கு வெளியேயிருந்து, கணக்கு டீச்சரின் குரலில். பதினொன்றுக்குக் கரை முழுக்கக் கத்தியது.

அவள் மணியை அடித்த அடியில் அதன் நாக்கு கழன்று விழுந்தது. எனக்கு அடிக்க மணி இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது விசில் சாரே விசில் ஊதினார்.

பதினாறு அணிகளில் எட்டுப் பேரும் கடந்தது நாங்கள் மட்டும். முதலிடம்! கட்டிப்பிடித்தோம், சேற்றில் உருண்டோம், நீலத் துண்டுக்காரிகளின் தலைவி வந்து சாரணர் முறைப்படி இடது கையை நீட்டினாள், நானும் மரியாதையாகக் குலுக்கினேன். ஜெயித்த அணி தன் கொடியைப் பாலத்தருகே உயர்த்த வேண்டும் என்றார்கள். கொடி நாங்கள் புறப்பட்ட கரையிலேயே கிடந்தது.

"சுத்திப் போய் எடுத்துட்டு வரேன்" என்றேன்.

"நீ இரு அக்கா" என்று பாதி வாரை மாட்டிக்கொண்டாள். "பாலம் எதுக்கு இருக்கு?"

போனாள். கொடியை முதுகில் செருகிக்கொண்டு திரும்பினாள். திரும்பி வரும்போது, நடுவில், அதே இடத்தில் நின்றாள்.

கரை மொத்தமும் அடங்கியது. விசில் சார் ஏணியோடு காத்திருந்த ஆளைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் வலது கையைக் கயிற்றிலிருந்து எடுத்தாள். நிதானமாக முதுகிலிருந்து கொடியை உருவி, மழைக்குள் உயரத் தூக்கிப் பிடித்தாள். வடம் ஆடவே இல்லை. இரு கரையிலும் எழுந்த சத்தத்தில் எனக்குக் காது அடைத்துப் போயிற்று. ஒரு நிமிடம் ஆனது, இரண்டு நிமிடம் ஆனது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"அக்கா!" என்று அங்கிருந்தே கத்தினாள். "போதுமா? இல்ல, இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டுமா?"

"நில்லுடி!" என்றேன், அழுகையை மறைக்கக்கூட முயலாமல். "உனக்கு எவ்வளவு நேரம் வேணுமோ நில்லு!"