நடுவில் வடிந்தது

ஆலங்குறிச்சியில் விவாகரத்து கேட்டுப் போகிறவர்களைக் கோர்ட் நேராகக் கல்லூரி வேதியியல் ஆய்வகத்துக்கு அனுப்பிவிடும். வருஷக்கணக்கில் ஒரே வீட்டில் கிடந்தவர்களிடம் எது யாருடையது என்று வக்கீலாலா பிரித்துத் தர முடியும்? காய்ச்சி வடிப்பதுதான் வழி. புருஷனையும் பெண்டாட்டியையும் ஒரே குடுவையில் இறக்கி அடியில் தீ வைத்தால், சீக்கிரம் கொதிக்கிறவர் முதலில் ஆவியாகி மேலே ஏறுவார். குளிர்ந்த குழாய்க்குள் போய்ச் சொட்டுச் சொட்டாக இறங்குவார். மற்றவர் சாவகாசமாகப் பின்னால் வருவார். தங்களைப் பிடித்துக்கொள்ள ஆளுக்கொரு பாத்திரம் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

கோமளவல்லி எவர்சில்வர் தூக்கு கொண்டுவந்திருந்தாள். அவள் புருஷன் தில்லைநாயகம் பளபளவென்று துலக்கிய செப்புக் குடத்தோடு வந்தார். அந்த மனுஷனுக்கு எதிலும் ஜம்பம்தான்.

சண்டை கிண்டை ஒன்றும் கிடையாது. பிள்ளையில்லாத வீட்டில் பேச்சு தேய்ந்து தேய்ந்து, கடைசியில் டிவி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அந்த வீட்டை விட்டுத் தான் மட்டும் தனியாக, சுத்தமாக வெளியே வந்தால் போதும் என்றிருந்தது கோமளாவுக்கு.

பேராசிரியை எஸ்தர், கொதிக்கும்போது பொங்கித் தெறிக்காமல் இருக்க, குடுவைக்குள் நாலு உடைந்த பானை ஓடுகளைப் போட்டார். “ஏறுங்க” என்றார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக ஏணியில் ஏறி இறங்கினார்கள். கால் நனைவதற்குள் கரைந்துவிட்டார்கள்.

முதலில் வந்தவள் கோமளாதான். எழுபத்தெட்டு டிகிரியில் தெர்மாமீட்டர் அசையாமல் நிற்க, அவள் சிந்தாமல் சிதறாமல் தூக்கில் வந்து விழுந்தாள். எஸ்தர் அவளை மேஜைமேல் ஊற்றியதும் எழுந்து உட்கார்ந்து முந்தானையைப் பிழிந்தாள். அப்பாடா! அவர்கிட்டேயிருந்து ஒட்டிக்கொண்ட அந்தத் தொண்டைக் கனைப்பு போயே போய்விட்டது.

இனி நூறு டிகிரியில் அவர் வரவேண்டும். ஆனால் எண்பத்தாறிலேயே தெர்மாமீட்டர் நின்றுவிட்டது. குழாய் சொட்ட ஆரம்பித்தது.

“இது யாரு மேடம்?”

“யாருமில்லம்மா. நடுச்சரக்கு. உங்க கணக்கிலயும் வராது, அவர் கணக்கிலயும் வராது. எல்லா ஜோடிக்கும் ஒரு கரண்டி வரும், சிங்க்ல விட்டுடுவோம்.” எஸ்தர் குழாய் முனையைச் சிங்க் பக்கம் திருப்பினார்.

ஒரு கரண்டி போயிற்று. ஒரு டம்ளரும் போயிற்று. அப்புறமும் நிற்கிற வழியைக் காணோம். கரண்டியளவு என்றால் யாருமில்லைதான். இவ்வளவு வந்தால் அது ஆளில்லாமல் வேறென்ன? கோமளா ஓடிப்போய்த் தூக்கைக் குழாயடியில் பிடித்தாள்.

“அதுல நீங்க மட்டும்தாம்மா இருக்கணும்” என்றார் எஸ்தர்.

“இருந்துட்டுப் போகட்டும் மேடம்!”

பாதித் தூக்கு நிறைந்ததும் சொட்டு நின்றது. மேஜைமேல் ஊற்றினாள். ரெட்டை ஜடை போட்ட ஏழு வயசுப் பெண் எழுந்து உட்கார்ந்தது. காது அப்படியே தில்லைநாயகம். முறைப்பு கோமளாவுடையது. கோமளா அந்தக் காதைத் தொட்டுப் பார்த்தாள். இத்தனை வருஷமும் இவள் எங்களுக்கு நடுவிலேயேவா இருந்தாள்?

பெண் அறையைச் சுற்றிப் பார்த்தது.

“அம்மா, அக்கா எங்கே?”

“எந்த அக்கா?”

“எனக்கு முன்னாடி வந்தாளே.”

கோமளா சிங்க்கைப் பார்த்தாள். அதில் ஒரு சொட்டு இல்லை.

“மேடம், இந்தத் தண்ணி எங்கே போகுது?”

“பின்னாடி வாழைத்தோட்டத்துக்கு.” எஸ்தர் தீயைக் கூட்டினார். “போய்ப் பாருங்க. உங்க வீட்டுக்காரர் வர இன்னும் நேரமாகும்.”

பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கோமளா விழுந்தடித்து ஓடினாள். வாழைகளுக்கு நடுவில் விரல் உயரப் பிள்ளைகள் வரிசை வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். கரண்டியளவுக்கு அவ்வளவுதானே வளர முடியும். ஒருத்தனுக்குத் தையல்காரர் மூக்கு. இன்னொருத்திக்குப் போஸ்ட்மாஸ்டர் சம்சாரத்தின் தெற்றுப்பல். ஊரில் பிரிந்த அத்தனை பேருடையதும் அங்கே இருந்தது. கோமளா ஒவ்வொரு முகமாகக் குனிந்து தேடினாள்.

வரிசைக்கு முன்னால், முழங்கால் உயரத்தில், ஜடையில் ஈரம் சொட்ட ஒருத்தி நின்று பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு டம்ளர் இருந்ததால் அவள்தான் அங்கே உயரம், வந்தவுடனே லீடராக்கிவிட்டார்கள். சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

“ஏம்மா, இன்னிக்கும் லேட்டா?”

“பஸ் கிடைக்கலடி” என்றாள் கோமளா. மண்ணில் மண்டியிட்டு முந்தானையால் அவள் தலையைத் துவட்டினாள்.

“அப்பா?”

“வடிஞ்சுக்கிட்டிருக்கார். இப்ப வந்துடுவார்.”