ராகு காலத்தில் ஒரு மனு

சிவகாமசுந்தரி எந்த வேலையும் செய்யமாட்டாள் என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். எல்லா வேலையும் செய்வாள். இன்றைக்குச் செய்யமாட்டாள், அவ்வளவுதான். திங்கட்கிழமை என்றால் வாரத் தொடக்கம், அவசரப்படக் கூடாது. செவ்வாய் என்றால் செவ்வாய். அப்புறம் அஷ்டமி, நவமி, கரிநாள், ராகு காலம், எமகண்டம் என்று கழித்துக்கொண்டே வந்தால், ஒரு மனுஷிக்கு வேலை செய்ய மாதத்தில் மிஞ்சுகிற நேரம் மூன்று மணி நேரம் இருக்கலாம். அந்த மூன்று மணி நேரத்திலும் அவளுக்குத் தலைவலி வந்துவிடும்.

மலாக்கா நகரத்துக் காஜா பெராங்கில் அவள் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது பிஸ்கட் டின்கள்தான். மொத்தம் ஏழு. ஒன்றில் கடிதங்கள், ஒன்றில் ரசீதுகள், ஒன்றில் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் காகிதங்கள். 'முக்கியம்' என்று எழுதி ஒட்டியது ஒன்று, 'மிக முக்கியம்' என்று ஒன்று, எதற்கு என்று அவளுக்கே மறந்துபோனது ஒன்று. ஏழாவது டின் 'பிறகு பார்க்க'. மற்ற ஆறும் பாதிகூட நிரம்பவில்லை. ஏழாவது மட்டும் நிரம்பி வழிந்து, மேசைமேல் பரவி, நாற்காலிவரை இறங்கியிருந்தது.

வீட்டை ஒழுங்குபடுத்த அவளிடம் திட்டம் இல்லாமல் இல்லை. பெரிய திட்டமே இருந்தது. பன்னிரண்டு அறை வைத்து ஓர் அலமாரி செய்ய வேண்டும். ஒவ்வோர் அறையிலும் என்ன வைப்பது என்று எழுத வேண்டும். பிறகுதான் டின்களைத் தொட வேண்டும். தச்சர் அப்பாசாமி வந்து சுவரை அளந்துவிட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது. மரம் எது என்று இவள் இன்னும் சொல்லவில்லை. அந்த ஏழு டின்களையும் சுமந்த மேசையும் ஒரு பக்கம் ஆடியது. அதையும் அலமாரியோடு சேர்த்துச் சரிபண்ணிக்கொள்ளலாம் என்று, அதுவரைக்கும் காலுக்கு அடியில் எதையோ சொருகி வைத்திருந்தாள்.

இப்படியே ஓடியிருக்கும். ஆனால் அந்த மேசைமேல் ஒரு பாரம் கிடந்தது.

1957-இல் மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறுமாதமே அவள் கணவன் ஜெயபாலன் வாங்கிவந்த குடியுரிமை விண்ணப்பப் பாரம் அது. பஸ் ஓட்டுகிற ஜெயபாலன் மலாக்காவில் பிறந்தவன். பிள்ளைகள் மூன்று பேரும் அப்படியே. அவர்களுக்கு மனு எதுவும் வேண்டியதில்லை. சிவகாமசுந்தரி மட்டும் 1939-இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, கழுத்தில் புதுத்தாலியோடு வந்தவள். அவள் மனுப் போட்டுத்தான் பதிந்துகொள்ள வேண்டும். சுதந்திரம் வந்து ஒரு வருடத்துக்குள் போட்டால் கேள்வி அதிகம் இல்லை. வருடம் தாண்டினால் அதிகாரி முன்னால் நின்று மலாய் பேசிக் காட்ட வேண்டும்.

அதுதான் அவளுக்குப் பயம். பசாரில் மீன்காரனிடம் அவள் பேசுகிற மலாயில் அவன் பாதி விலைக்கு இறங்கிவிடுவான். அது வேறு. கால்சட்டை போட்டு, கையில் பேனா வைத்துக்கொண்டு ஒருவர் எதிரே உட்கார்ந்துவிட்டால், அவளுக்குத் தன் பெயரே மறந்துபோகும்.

இவ்வளவு பயம் இருந்தும் பதினோரு மாதம் ஓடிவிட்டது. முதலில் தீபாவளி முடியட்டும் என்றாள். பிறகு மார்கழி. பிறகு பிள்ளைகளின் புது வகுப்பு. பிறகு, அடையாளக் கார்டைக் காணவில்லை. மனுவோடு அந்தக் கார்டைக் காட்டியாக வேண்டும். கார்டைத் தேட டின்களைக் கொட்ட வேண்டும். டின்களைக் கொட்ட அலமாரி வேண்டும். அதற்குள் ஆடி வந்துவிட்டது. ஆடியில் யாராவது புதுக்காரியம் தொடங்குவார்களா?

அந்த ஆடியில் ஒருநாள், மூத்தவள் மல்லிகா பள்ளிக்கூடத்தில் 'என் குடும்பம்' என்று எழுதிய கட்டுரையைச் சத்தமாக வாசித்தாள். எங்கள் வீட்டில் நான்கு பேர் மலாயாக் குடிமக்கள், அம்மா இந்தியாவிலிருந்து வந்திருக்கிறார் என்று எழுதியிருந்தாள். பன்னிரண்டு வயதுப் பெண் பொய்யா எழுதினாள்? சிவகாமசுந்தரி சாம்பார்க் கரண்டியோடு அப்படியே நின்றாள். அவள் சமைத்த வீட்டில், அவள் பெற்ற பிள்ளைகளுக்கு நடுவில், அவள்மட்டும் வந்துபோகிற ஆள் மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கட்டுரை நோட்டை வாங்கி 'பிறகு பார்க்க' டின்மேல் வைத்தாள்.

ஆவணி பிறந்து பதின்மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், பக்கத்து வீட்டுப் பீவி வந்தாள். மளிகைக்கடை அப்துல் சமதின் மனைவி. போன தீபாவளிக்கு இரவல் கொடுத்த முறுக்கு அச்சைக் கேட்டு வந்தவள், மேசைமேல் கிடந்த பாரத்தைப் பார்த்துவிட்டு, இன்னுமா இதைக் கொடுக்கவில்லை என்று கேட்டாள். ஆகஸ்டு முப்பத்தொன்றாம் தேதிவரை நாள் இருக்கிறதே என்றாள் சிவகாமசுந்தரி.

"அக்கா, முப்பத்தொண்ணு ஞாயித்துக்கெழமை. மெர்டேக்கா, சொதந்திர நாள் வேற. ஆபீஸ் ஏது? நாளைக்குப் பன்னிரண்டரைக்குக் கதவைச் சாத்திடுவாங்க."

சிவகாமசுந்தரி நாட்காட்டியைப் பார்த்தாள். ராகு காலம் பார்க்கத் தினமும் பார்க்கிற நாட்காட்டிதான். கிழமையைத்தான் பார்க்கவில்லை. உடனே புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, ஏழு டின்களையும் தரையில் இறக்கி, முதலில் இவற்றை வகை பிரிக்கிறேன் என்று உட்கார்ந்தாள்.

பீவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டை விடுங்கக்கா. அது எங்கயும் ஓடாது. கார்டை மட்டும் தேடுவோம். கடைசியா எப்பக் கையில வச்சிருந்தீங்க?"

பீவிக்கு இந்தத் தெளிவு எப்படி என்று யாரும் வியக்க வேண்டாம். அவள் வீட்டில் ஐந்து பிள்ளைகள், அலமாரி கிடையாது. கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி, ஆணியில் ஒரு துணிப்பை. பத்திரம், கார்டு, பிறப்புச் சீட்டு எல்லாம் அதற்குள். வந்த காகிதத்தைப் பையில் போடாமல் உட்காரமாட்டாள். அவளுடைய ஒழுங்கு மொத்தமும் இதுதான். சிவகாமசுந்தரிக்கு அது ரொம்ப நாளாக ஏழ்மையாகத் தெரிந்தது.

யோசித்து யோசித்துச் சொன்னாள். பாரம் வந்த புதிதில், மனுக் கொடுக்க நல்ல நாள் பார்த்தபோது கார்டு கையில் இருந்தது. எதில் பார்த்தாள்? பஞ்சாங்கத்தில். அந்தப் பஞ்சாங்கம் எங்கே? சித்திரையில் புதுசு வந்துவிட்டதால், பழையதை...

அவள் பேச்சை நிறுத்திக் குனிந்து பார்த்தாள். ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் மஞ்சள் அட்டையோடு போன வருடத்துப் பஞ்சாங்கம் இருந்தது.

பீவி மேசையைத் தூக்க, இவள் உருவினாள். நடுவில் புடைத்திருந்த பக்கத்தைத் திறந்ததும், மடித்த கார்டின் புகைப்படத்திலிருந்து இளவயதுச் சிவகாமசுந்தரி விறைப்பாகப் பார்த்தாள். ஐப்பசி பன்னிரண்டு, திங்கட்கிழமை, சுபதினம் என்று பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. அந்த நல்ல நாள் மறந்துபோகக் கூடாது என்பதற்காகத்தான் கார்டையே அடையாளமாக வைத்திருக்கிறாள். பீவி சிரித்த சிரிப்பில் முறுக்கு அச்சு வாங்க வந்ததே அவளுக்கு மறந்துவிட்டது.

மறுநாள் காலை ஏழரைக்குக் கிளம்பி, ஒன்பது மணி ராகு காலத்துக்கு முன் மனுவைக் கொடுத்துவிடுவது என்று ஏற்பாடு. ஜெயபாலன் விடியற்காலையிலேயே பஸ்ஸுக்குப் போய்விட்டான். ஏழரைக்கு அவள் பாத்திரத்தை மட்டும் கழுவிவிடலாம் என்று நினைத்தாள். பிறகு, பாத்திரம் கழுவிய கையோடு அடுப்படியையும். திரிஷா என்கிற சைக்கிள் வண்டியில் ஏறும்போது எட்டே முக்கால். ஆபீஸ் வாசலில் இறங்கும்போது ஒன்பது பத்து.

ஆபீஸ் முன்னால் பெரிய மரம். அதன் நிழலில் இருபது இருபத்தைந்து தமிழர்கள், எல்லார் கையிலும் பாரம். உள்ளே போகாமல் ஏன் நிற்கிறார்கள் என்று அவள் கேட்கவே இல்லை. பார்த்ததும் புரிந்தது. பத்தரைக்கு ராகு காலம் முடிந்துவிடும், அப்புறம் இரண்டு மணி நேரம் தாராளமாக இருக்கிறது என்று ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். அவளும் அப்பாடா என்று உட்கார்ந்தாள்.

அந்த அப்பாடாதான் அவளைக் குத்தியது. எவ்வளவு சுகமான அப்பாடா. பாரத்தைத் தள்ளிவைத்த ஒவ்வொரு நாளும் இதே அப்பாடாவைத்தான் சொல்லியிருக்கிறாள். தச்சரைத் திருப்பி அனுப்பிய அன்றும், மகளின் நோட்டை டின்மேல் வைத்த அன்றும் இதேதான். பத்தரைக்கு இந்த இருபத்தைந்து பேரும் ஒன்றாக எழுந்து உள்ளே ஓடுவார்கள். இவள் கடைசியில் நிற்பாள். பன்னிரண்டரைக்குக் கதவு சாத்தும்போது அவளுக்கு முன்னால் யாரோ ஒருவர் இருப்பார். நல்ல நாள் பார்த்து வட்டம் போட்ட திங்கட்கிழமை மேசைக்காலுக்கு அடியில் கிடந்ததே, அதனால் என்ன வாழ்ந்தது?

எழுந்தாள். இடம் கொடுத்தவர் ராகு காலம் என்று நினைவுபடுத்தினார். தெரியும் என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

உள்ளே சீனர்களின் வரிசை வராந்தாவரை வளைந்து நின்றது. இந்தியர்களுக்கென்று போட்டிருந்த மேசை காலி. நெற்றியில் விபூதியோடு ஒரு கிராணி, ஆபீஸ் குமாஸ்தா, பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிரே தம்பிராஜா என்று பெயர்ப் பலகை. தமிழ் ஆள்தான் என்று சிவகாமசுந்தரிக்கு உயிர் வந்தது. வணக்கம் சொல்லி, தாமதமானதற்கு நீளமாகக் காரணம் சொல்லத் தொடங்கினாள்.

அவர் மிகுந்த மரியாதையோடு, தமக்குத் தமிழ் தெரியாது என்று மலாயில் சொன்னார்.

அவர் மலாக்கா செட்டி, பல நூறு வருடத்துக்கு முன் வந்து தங்கிவிட்ட வம்சம். வீட்டுக்கு வீடு சாமி கும்பிடுவார்கள், பொங்கல் வைப்பார்கள், பேச்சு மட்டும் மலாய். காஜா பெராங்கில் பத்தொன்பது வருடம் இருந்தவளுக்கு இது தெரியாதா என்ன, பதற்றத்தில் மறந்துவிட்டது. பெயரைப் பார்த்து எந்த மேலதிகாரியோ இவரைத் இந்தியர் மேசையில் உட்காரவைத்திருக்க வேண்டும். அவர் முகமும் பரிதாபமாகத்தான் இருந்தது.

ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வெளியே அந்த மரநிழல் இருந்தது. அவள் கார்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

எத்தனை வருடமாக இங்கே என்று மலாயில் கேட்டார். "சுடா செம்பிலான் பெலாஸ் தாஹுன்," பத்தொன்பது வருடம், என்றாள். எந்தத் தெரு, எத்தனை பிள்ளைகள் என்று கேட்கக் கேட்கச் சொன்னாள். கார்டு ஏன் இப்படி நசுங்கியிருக்கிறது என்று கேட்டார். அங்கேதான் அவளுக்கு நாக்கு முழுசாக அவிழ்ந்தது. பஞ்சாங்கம், மேசைக்கால், ஐப்பசி, பீவி, முறுக்கு அச்சு வரைக்கும் மீன்கடை மலாயில் ஒன்றுவிடாமல் சொன்னாள். தம்பிராஜா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் வீட்டு மேசைக்கும் அதே வைத்தியம்தானாம்.

கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி, மனுப் பெற்றதற்கான சீட்டை நீட்டியபோது அவர் மலாயில் சொன்னது அவளுக்குச் சொல் சொல்லாக நினைவிருந்தது.

"இன்றைக்கு வந்ததால் உங்களுக்கு மலாய்ப் பரீட்சை இல்லை அம்மா. ஆனால் அதை நீங்கள் இப்போதுதான் முடித்தீர்கள்."

வெளியே வந்தபோது மணி ஒன்பது ஐம்பது. மரத்தடியே அவள் முகத்தைப் பார்த்தது. சீட்டைத் தூக்கிக் காட்டி, உள்ளே மேசை காலியாக இருக்கிறது என்றாள். முதலில் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். அப்புறம் இரண்டு பேர். அவள் திரிஷா ஏறுமுன் நிழலில் ஏழெட்டுப் பேர்தான் மிச்சம்.

வீட்டுக்கு வந்தவள் உட்காரவில்லை. கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி அடித்தாள். சுத்தியல் எந்த டின்னில் என்று தேடாமல் அம்மிக் குழவியாலேயே அடித்தாள். பழைய துணிப்பை ஒன்றை மாட்டி, கார்டையும் சீட்டையும் போட்டாள். பிறகு மேசைமேலிருந்து கைக்குக் கிடைத்த பிறப்புச் சீட்டுகளையும் போட்டாள். மற்றவை கிடக்கட்டும், தினம் ஒரு டின் போதும் என்று முடிவு செய்து, முறுக்கு அச்சை எடுத்துப்போய்ப் பீவியிடம் கொடுத்துவிட்டு வந்தாள். பத்து மாதத்தில் அன்றைக்குத்தான் அந்த அச்சு வெயிலைப் பார்த்தது.

மல்லிகா பையை எட்டிப் பார்த்தாள். சிவகாமசுந்தரி கட்டுரை நோட்டைத் தேடி எடுத்து அவள் முன்னால் வைத்து, அந்த வரியைத் திருத்தச் சொன்னாள். குடியுரிமைப் பத்திரம் இன்னும் வரவில்லையே என்றாள் மகள். வரும், நீ எழுது என்றாள் தாய்.

"நாளைக்கு எழுதுறேம்மா."

சிவகாமசுந்தரி பென்சிலை எடுத்து மகளின் கையில் வைத்து, விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டாள். ஆடுகிற மேசையில், கோணல்மாணலாக, மல்லிகா 'நான்கு' என்பதை அடித்துவிட்டு 'ஐந்து' என்று எழுதினாள்.