பின்னாலிருந்து வந்த மழை

கடைக்காரன் கதவைச் சாத்தி விளக்கைத் தணித்ததும் விஜயலக்ஷ்மி கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்தில் எலக்ட்ரானிக்ஸ் கடை ஒன்றின் மாடி, ஜன்னலே இல்லாத அறை. மெத்தென்று மூன்று நாற்காலிகள். நடுவில் அவள் கணவர் மகாதேவன், அவருக்கு வலப்பக்கம் இவள், இடப்பக்கம் காலி. எதிரே பெரிய திரை, சுற்றிலும் ஸ்பீக்கர்கள், திரைக்குக் கீழே இரண்டு கறுப்புப் பெட்டிகள். ரிசீவர் என்று பெயராம். படமோ பாட்டோ எது வந்தாலும் வாங்கிக்கொண்டு ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உரியதைப் பிரித்துக் கொடுக்க வேண்டியது அதன் வேலை. கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் இவள் செய்வதும் ஏறக்குறைய அதேதான். என்ன, இவளை யாரும் இத்தனை பக்தியோடு இருட்டறையில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் பெட்டி பாட்டுக்கு, இரண்டே ஸ்பீக்கர் போதும். இரண்டாவது படத்துக்கு, ஏழு ஸ்பீக்கர் வேண்டும். கடைக்கார ஷாகிர் முப்பது வயதுக்காரன், தாராவியில் பிறந்து வளர்ந்தவன், தாத்தா காலத்துத் திருநெல்வேலித் தமிழில் ஹிந்தியைத் தாராளமாகக் கலந்து பேசினான். முதல் பெட்டியில் ஒரு ஆலாபனையைப் போட்டபோது மகாதேவன் கண்ணை மூடிக்கொண்டார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் என்றாலும், மாட்டுங்காவில் அவரைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவர் சங்கீத மகாதேவன். மேடையில் சுருதி ஒரு மயிரிழை இறங்கினால் பத்தாவது வரிசையில் அவர் முகம் சுருங்கும். வீட்டுக்கு வந்தவர்களிடம் மனைவியைக் காட்டி, "இவ ஞான சூன்யம், ஆனா காபி நன்னாப் போடுவா" என்பார். வந்தவர்களோடு சேர்ந்து அவளும் சிரிப்பாள்.

கொஞ்ச மாதங்களாக அவள் சிரிப்பதில்லை. சிரிக்கவில்லை என்பதை அவர் கவனிக்கவும் இல்லை, அதுதான் அவளுக்கு எரிச்சல். ரிடையரான பிறகு மனுஷனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று முடிவு கட்டியிருந்தாள். கூப்பிட்டால் பதில் இல்லை. சாயங்காலம் ஃபைவ் கார்டன்ஸ் பார்க்கில் நடக்கும்போது இவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வருவாள், அவர் கல்லுப்பிள்ளையாராட்டம் நடப்பார். போன வாரம் அங்கேதான் மனதைத் திடப்படுத்திக்கொண்டு சொன்னாள், ஹைதராபாத்தில் இருக்கும் பெண் மானசா கூப்பிடுகிறாள், போய் அவளோடேயே இருந்துவிடலாம் என்று பார்க்கிறேன், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று. வேறு ஒருத்தராக இருந்தால் நின்றிருப்பார். இவர் கார்கள் போகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டே பத்தடி நடந்து, "பழைய செட்டு சரியாவே இல்லை விஜி, புதுசா ஒண்ணு பாக்கணும்" என்றார்.

அவ்வளவுதான். பெண்டாட்டி போனால் ஏழு ஸ்பீக்கர். அன்றைக்கே மானசாவுக்குப் போன் செய்து டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டாள். இன்றைக்குக் கடைக்குக் கூட வந்ததே, தன் இடத்துக்கு வரப்போவது எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடலாமே என்கிற வீம்பில்தான்.

ஷாகிர் இரண்டாவது பெட்டிக்கு மாற்றிவிட்டு, திரையில் ஒரு படத்தைப் போட்டான். காடு, இருட்டு, ஒரு கிழவர் தனியாக நடந்து போகிறார், மழை பிடித்துக்கொள்கிறது. மழை சுற்றிலும் பெய்கிற மாதிரி கேட்கும், தலைக்குப் பின்னால் பெய்வதைக் கவனித்துப் பாருங்கள் என்று முன்னாலேயே சொல்லி வைத்திருந்தான். மகாதேவன் முகவாயை உயர்த்திக்கொண்டு கேட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் தலையை ஆட்டினார்.

"ஆஹா. பின்னாலேர்ந்து என்னமா வரது பாரு. இதுன்னா செட்டு."

விஜயலக்ஷ்மிக்குப் பின்னாலிருந்து ஒன்றும் வரவில்லை. மழையெல்லாம் எதிரே திரையில்தான் பெய்தது. நமக்குத்தான் ஞானம் கிடையாதே, இதற்கும் ஒரு ஞானம் வேண்டியிருக்கும்போல என்று நினைத்துக்கொண்டாள். அதற்குள் ஷாகிர் ரிமோட்டைப் பார்த்து நெற்றியில் தட்டிக்கொண்டான்.

"மாஃப் கரோ சார். பின்னால உள்ள ஸ்பீக்கர நான் ஆன் பண்ணவே இல்ல. இப்பம் போடுதேன்."

போட்டான். மழை முதுகுக்குப் பின்னால் சடசடவென்று இறங்க, விஜயலக்ஷ்மி தன்னையறியாமல் புடவைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்தாள். இழுத்துவிட்டு, வெட்கத்தோடு கணவரைப் பார்த்தாள். அவர் அசையவில்லை. முதல் மழைக்கும் இரண்டாவது மழைக்கும் அந்த முகத்தில் வித்தியாசமே இல்லை. கண் மட்டும் திரையிலிருந்து இறங்கித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. திருட்டுத்தனம் பிடிபட்ட பிள்ளை அப்படித்தான் பார்க்கும்.

"ஏன்னா" என்றாள். அவர் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்து, வலது தோளுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், "ஏன்னா, நான்தான்" என்றாள். மழை பெய்துகொண்டே இருந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவள் மெள்ள நிமிர்ந்தாள். அவர் போனை இடது கைக்கு மாற்றிக்கொண்டது, சோபாவில் வலது ஓரமாகப் போய் உட்கார ஆரம்பித்தது, போன மாதம் கச்சேரி டிக்கெட்டைப் பக்கத்து ஃபிளாட்டுக்காரர்களுக்குத் தூக்கிக் கொடுத்தது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தது. கல்யாணத்தன்று மணையில் இவளை அவருக்கு வலப்பக்கம் உட்கார வைத்தார்கள். ஹோமம், பூஜை எதுவானாலும் பெண்டாட்டிக்கு வலப்பக்கம் என்பது இவர்கள் வழக்கம். அதையே பிடித்துக்கொண்டு பஸ்ஸில், ரயிலில், நடையில் எங்கேயும் அந்தப் பக்கத்தை விட்டதில்லை அவள். இத்தனை மாதமும் அந்தப் பக்கத்திலிருந்தே பேசி, அந்தப் பக்கத்திலிருந்தே கோபித்து, அந்தப் பக்கத்திலிருந்தே போகிறேன் என்றும் சொல்லியிருக்கிறாள். அடப்பாவி மனுஷா, என்று மனதுக்குள் கத்தினாள். யாரைத் திட்டுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

எழுந்து, திரைக்குக் குறுக்கே நடந்து, காலியாக இருந்த இடப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தாள். ஷாகிர் கீழே யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனான். நிஜமாகவே கூப்பிட்டார்களோ என்னமோ.

"எத்தனை நாளா?" என்றாள் அவரது இடது காதில்.

அவர் மழுப்பவில்லை. "மார்ச்சுலேர்ந்து. காலம்பற எழுந்தா வலது பக்கம் ஒண்ணுமே இல்லை. டாக்டர்ட்டப் போறதுக்குள்ள நாளாயிடுத்து. இனிமே வராதுன்னுட்டார்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ பாவம்னு பாப்பே. பாட்டுக் கேக்கறச்சே பக்கத்துல ஒருத்தர் பாவம்னு பாத்துண்டு இருந்தா எப்படிக் கேக்கறது?" திரைக்குக் கீழே இருந்த பெட்டியைக் காட்டினார். "செட்டுதான் கெட்டுப்போச்சோன்னு ஒரு நப்பாசை. புதுசு வாங்கினா எல்லாம் பழைய மாதிரி அங்கங்கே கேக்குமோன்னு."

சங்கீத மகாதேவன் பேசுகிற பேச்சா இது. விஜயலக்ஷ்மிக்கு அவரை இழுத்து அணைத்துக்கொள்ள வேண்டும்போலவும் நாலு சாத்து சாத்த வேண்டும்போலவும் இருந்தது.

பிறகு அது நினைவுக்கு வந்தது. ஃபைவ் கார்டன்ஸில் சொன்னதை இவர் கேட்கவே இல்லை. கேட்காத பேச்சை இவள் நினைத்தால் அப்படியே விழுங்கிவிடலாம். டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லி மானசாவுக்கு ஒரு போன், தீர்ந்தது. அவருக்கு ஜென்மத்துக்கும் தெரியாது. விழுங்கத்தான் பார்த்தாள். ஆனால் கோபத்தில் மட்டும் சொன்னதா அது? தனக்கென்று ஒரு ஊர், ஒரு அறை, காலையில் யாருக்கும் காபி போடாமல் தூங்கலாம் என்ற ஆசை, அதெல்லாம் இந்தக் காதோடு சேர்ந்து செத்தா போயிற்று? இல்லை. இப்போது சொல்லாமல் விட்டால் அது பாவம் பார்ப்பது. எதற்குப் பயந்து இவர் ஒளித்தாரோ, அதையே இவள் செய்ததாகும்.

"போன வாரம் நடக்கறச்சே நான் ஒண்ணு சொன்னேன்."

"என்ன?"

அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தைகளை, ஒன்று கூட்டாமல் குறைக்காமல், அந்தக் காதுக்குள் சொன்னாள். மானசா கூப்பிடறா. போய் அவளோடயே இருந்துடலாம்னு பாக்கறேன். நீங்க என்ன சொல்றேள்?

திரையில் கிழவர் நடந்துகொண்டே இருந்தார். மகாதேவனின் விரல்கள் நாற்காலிக் கையில் தாளம் போடுகிற மாதிரி இரண்டு தரம் எழும்பி நின்றன.

"சரியாக் கேக்கலை" என்றார். "இன்னொரு தரம் சொல்லு."

கேட்டுவிட்டது என்று அவளுக்குத் தெரியும். அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் அவர் முகத்தை இந்தப் பக்கம் சாய்த்து, காதை அவள் வாயருகே கொண்டுவந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். திரையின் வெளிச்சம் அந்தக் காதின்மேல் விழுந்தது. மடலுக்குப் பின்னால், கழுத்து தொடங்கும் இடத்தில், மிளகளவு ஒரு மச்சம். இத்தனை வருஷத்தில் அதை அவள் பார்த்ததே இல்லை.