மூன்றரை நிமிடத் தீர்மானம்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதிக்கவில்லை. ஆவூர்ப் பக்கத்து ஊர் ஒன்றின் பழைய பஞ்சாயத்துத் தீர்மானப் புத்தகத்தில், குளத்து மராமத்துக்கும் தெருவிளக்குக்கும் நடுவே ஒரு வரியாகக் கிடந்தது: 'மேற்படி சினிமாப் பாட்டு வரும்போது பஞ்சாயத்து ரேடியோவை நிறுத்தி வைப்பது. மனுதாரர் சந்தனராஜ். 1959.' மற்றதெல்லாம் என் புளுகு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மேற்கே சூரியன் மெல்லச் சிவந்து'... வேண்டாம். சூரியனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சந்தனராஜ் சைக்கிள் கடைக்காரன். கடையைத் தாண்டும்போதெல்லாம் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போகும் அருள்ராணியை நாலு வருஷம் காதலித்தான். அவளிடம் சொல்லவில்லை. மணமேல்குடி வாத்தியார் ஒருவருக்கு அவளைப் பேசி முடித்தார்கள். மாதா கோயிலில் மூன்று ஞாயிறு கலியாண ஓலை வாசித்து, கலியாணத்துக்குத் தடை இருந்தால் சொல்லலாம் என்று சாமியார் அறிவித்தார். மூன்று ஞாயிறும் சந்தனராஜ் முன்னால்தான் முழந்தாளிட்டிருந்தான், வாயைத் திறக்கவில்லை. ஒரு வருஷம் கழித்துப் பாட்டின் மேல் மனுக் கொடுத்தான்.

(இப்பேர்ப்பட்ட ஆளைக் கதாநாயகனாக வைக்கலாமா என்று எனக்கும் சந்தேகம்தான். வேறு ஆள் அகப்படவில்லை.)

3

காரணம் என்ற இடத்தில் 'அருள்ராணியை மறக்க வேண்டியிருப்பதால்' என்று எழுதியிருந்தான். பிரசிடெண்ட் வெள்ளைச்சாமி அதை உரக்கப் படித்தார். எல்லோரும் இரக்கப்பட்டு ஏகமனதாக நிறைவேற்றினார்கள்.

அன்றிலிருந்து அந்தப் பாட்டு தொடங்கியதும் ரேடியோவைப் பார்த்துக்கொள்ளும் நாகராசு குமிழைத் திருகிவிடுவார். ரேடியோ கேட்க ஊர் கூடும் மைதானம் மூன்றரை நிமிடம் கப்சிப். நூறு தலைகளும் சந்தனராஜ் பக்கம் திரும்பும். இந்நேரம் எந்த அடி போய்க்கொண்டிருக்கும் என்று கணக்குப் பண்ணிச் சிலர் தாளம் போடுவார்கள். முன்பு பாட்டு வந்தால் அவள் மட்டும்தான் நினைவுக்கு வருவாள். இப்போது ஊரே அவளை நினைத்துக்கொண்டு அவனையும் நினைக்க வைத்தது.

4

அருள்ராணியைப் பிரசவத்துக்கு அழைத்துவந்தேன். (கதையை நகர்த்த வேறு வழி தெரியவில்லை.) தீர்மானத்தைப் பற்றி அவளிடம் யாரும் மூச்சு விடவில்லை. ஒரு சாயங்காலம் ரேடியோ கேட்க வந்து உட்கார்ந்தாள். பாட்டு தொடங்கியது, நாகராசு திருகினார். ஏன் என்று கேட்டதற்கு, தீர்மானம் என்று மட்டும் சொன்னார்.

"இந்தப் பாட்டு யாரை என்னண்ணே பண்ணுச்சு? இதக் கேட்டா எனக்கு ஒருத்தரு நெனப்பும் வராது. சும்மா நல்லாருக்கும், அம்புட்டுதான்."

சந்தனராஜுக்கு அது தாங்கவில்லை. எழுதிய எனக்கும் தாங்கவில்லை.

வெள்ளைச்சாமிக்கோ வேறு கவலை. புள்ளத்தாச்சி ஆசைப்பட்டதை மறுத்தால் ஊருக்கு ஆகாது. ஆனால் மனுதாரர் சம்மதிக்காமல் தீர்மானத்தை ரத்து செய்ய முடியாது. எல்லோர் முன்னிலையிலும் அவன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்க சரின்னு சொன்னா போட்டுரலாம்."

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் அவன் சரி என்கிறான், பாட்டு ஓடுகிறது, அவள் காலாட்டிக்கொண்டு கேட்கிறாள். இரண்டாவதில் முடியாது என்கிறான். மறுநாளிலிருந்து அவன் கடைக்கு ஒரு சைக்கிள்கூட வருவதில்லை. மூன்றாவதை எழுதும்போதே அழுதுவிட்டேன். கிழித்துப்போட்டேன்.

மிஞ்சியது இவ்வளவுதான்: சந்தனராஜ் எழுந்து நின்றான். அருள்ராணி அவனை முதல்தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்களா?" என்றாள்.

சந்தனராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு

வெள்ளைச்சாமிக்குச் சொல்ல வேண்டியது 'சரி'. அவளுக்குச் சொல்ல வேண்டியது 'ஆமாம்'. எனக்குத் தெரிந்த சந்தனராஜுக்கு ஒரு வார்த்தைக்குத்தான் துணிச்சல் உண்டு. எதை என்று நீங்களே அவனிடம் சொல்லிவிடுங்கள், நின்றுகொண்டே இருக்கிறான்.