மூத்தவன் வரும் காட்சி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. மரக்காணத்துப் பக்கம் ஒரு லுத்தரன் சபையில் வாலிபர் ஞாயிறு ஆராதனைக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். 'இன்றைய இளைஞர்' என்று ஏதோ தலைப்பு. போய்ப் பார்த்தால் வாலிபர் ஐக்கியத்தில் மிச்சமிருந்தது அதன் செயலாளர் சரண்யா மட்டும். என் பேச்சைப் பெரியவர்கள்தான் கேட்டார்கள், பாதித் தூக்கத்தில்.

2

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

"காலை வெயிலில் உப்புக் குவியல்கள் வெள்ளை வெளேரென்று—" வேண்டாம். உப்பளத்துச் சபை என்றதும் உப்பைப் பற்றிய பைபிள் வசனத்தைப் போடக் கை அரிக்கிறது. போட மாட்டேன்.

"சரண்யாவுக்கு முப்பத்தைந்து ஆகப்போகிறது, அதற்குப் பிறகு—"

இதுதான் விஷயம். முப்பத்தைந்து ஆனால் ஐக்கியத்திலிருந்து விலக வேண்டும். அவளும் விலகிவிட்டால் அதை மூடிவிட்டு, அந்த அறையில் கல்யாணப் பாத்திரங்களை அடுக்கலாம் என்று கமிட்டி பேசி வைத்திருந்தது. வாலிபர் ஞாயிறன்று அவளைத் தவிர ஒரே ஒரு ஆள் வந்தாலும் மூட மாட்டோம் என்று ஐயர் சொல்லியிருந்தார். (லுத்தரன் சபையில் போதகரை ஐயர் என்பார்கள்.) அந்த ஒரு ஆளாக அவள் நம்பியது, முன்பு ஐக்கியத்தில் இருந்த சுரேஷை.

3

வாலிபர் ஞாயிறுக்கு வருடாவருடம் ஒரே நாடகம்தான், பைபிளில் இயேசு சொன்ன கதை. சொத்தைப் பிரித்து வாங்கிப் போய், எல்லாவற்றையும் அழித்து, பன்றிக்கு வைக்கும் தவிட்டுக்கு ஏங்கித் திரும்பி வரும் இளைய மகன். கோயிலின் பெரிய வாசல் வழியாக அவன் வருவான். அப்பா பீடத்தருகிலிருந்து ஓடிப்போய்க் கட்டிக்கொள்வார். வீட்டோடு இருந்து உழைத்த மூத்தவன் கோபித்துக்கொண்டு வெளியே நிற்கும் காட்சியும் கதையில் உண்டு. டீ ஆறிவிடும் என்று அதை எப்போதும் வெட்டிவிடுவார்கள்.

ஒரு வருடம் இளைய மகன் வேஷத்தைச் சுரேஷுக்குக் கொடுத்தவள் சரண்யாதான். அவன் தவிட்டை அள்ளித் தின்ற விதத்தில் சபையே கண்கலங்கிற்று. மறுநாளிலிருந்து அவன் பெயர் 'தவிடு'. தெருவிலும் தவிடு, உப்பளத்திலும் தவிடு. பெண் கேட்டுப் போன வீட்டில், "யாரு, தவிடா?" என்று சிரித்துவிட்டார்கள். அத்தோடு அவன் ஊரை விட்டுப் போய்விட்டான்.

4

பொம்மையார்பாளையத்தில் ஒரு ரிசார்ட். சரண்யா தேடிப் போனபோது அவன் நீச்சல் குளத்தில் இலை வாரிக்கொண்டிருந்தான்.

(இந்த இடத்தில் அவனைக் குடிகாரனாக்கிப் பார்த்தேன். கதை ரொம்பச் சுலபமாகிவிட்டது. அடித்துவிட்டேன்.)

"ஞாயித்துக்கெழம வந்துடு சுரேஷ். உங்கப்பாவே அப்பா வேஷம் போடுறாரு. நீ வாசல்ல வந்து நின்னா போதும்."

"அந்த வேஷத்தாலதானக்கா போனேன். திரும்பி வர்றதுக்கும் அதே வேஷந்தானா?"

அவள் குளத்தைப் பார்த்தாள்.

"மாசாமாசம் அப்பாவுக்கு ஜிபே பண்றேன். குடி கெடையாது. நான் என்னத்தக்கா அழிச்சேன், மன்னிச்சுச் சேத்துக்கறதுக்கு?"

"வேற வேஷம் இல்லடா."

அது பொய்யில்லை. போனவர்களுக்குக் கொடுக்கச் சபையிடம் வேறெதுவும் இல்லை என்பது அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. "பாக்கறேங்க்கா" என்றான். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள்.

5

முடிவுகள்.

அ) சுரேஷ் வருகிறான். சபை கைதட்டுகிறது. (எனக்கே நம்பிக்கை இல்லை.)

ஆ) ரிசார்ட் சட்டையோடு வாசலில் நின்று, "நான் ஒண்ணும் கெட்டுப்போவல" என்று சொல்லிவிட்டு— வசனம் நன்றாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

இ) நடந்தது. சுரேஷின் அப்பா ராஜவேல் பீடத்தருகே நின்றார். உப்புத் தண்ணீரில் வெடித்த பாதங்கள். வசனம் மறந்துவிட்டது. "தோ வர்றான்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினார். நடிப்பில்லை, நிஜமாகவே ஓடினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். வாசலில் யாருமில்லை. வெளியே படியில் சரண்யா மட்டும் ரோட்டைப் பார்த்தபடி நின்றாள்.

ராஜவேலுக்கு நடுவில் நிற்கத் தெரியவில்லை. படிவரை வந்துவிட்டார்.

"வர்லியா?"

"வர்லீங்க மாமா."

அவருக்கு மூச்சு வாங்கிற்று. உள்ளே யாரோ டீ டம்ளர்களை எடுத்து வைக்கத் தொடங்கினார்கள்.

"வெயில்ல நிக்காதம்மா. நீயாவது உள்ள வா."

இத்தனை வருடமும் அதே படியில் நின்று எல்லோரையும் உள்ளே கூப்பிட்டவள் அவள். அவளை யாரும் கூப்பிட்டதில்லை, அவள்தான் எங்கேயும் போகவில்லையே. 'நீயாவது' என்ற சொல் அவளைச் சுட்டது. அவள் நகரவில்லை.

6

மூத்தவன் உள்ளே போனானா என்று அந்தப் பழைய கதையும் சொல்வதில்லை. அப்பா வெளியே வந்து கெஞ்சுகிறார், அதோடு சரி.

நான் சரண்யாவை உள்ளே அனுப்பிப் பலமுறை எழுதிப் பார்த்தேன். வாசலைத் தாண்டியதும் பேனா நின்றுவிடுகிறது. உள்ளே டீ இருக்கிறது, ஐயர் இருக்கிறார், பாத்திரங்களுக்காகக் காலி செய்யப்போகும் ஓர் அறை இருக்கிறது. அவளுக்கென்று என்ன இருக்கிறது என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

இன்னும் படியில்தான் நிற்கிறாள். உங்களுக்குத் தெரிந்தால், நீங்கள் கூப்பிடுங்கள்.