மூன்றாவது வேலி

"ரெண்டு மடங்கு! மாசிலாமணி, ரெண்டு மடங்குப்பா!" என்று கத்திக்கொண்டே அப்பாதுரை சார் எங்கள் திண்டிவனம் ஆபீசுக்குள் ஓடி வந்தார். ஐம்பது வயது மனிதர். ஒரு செருப்பு வாசலிலேயே கழன்று கிடந்தது. கையில் மண் பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்த கடுதாசி. என்ன ஏது என்று கேட்பதற்கு முன்பே நானும் எழுந்து குதித்துவிட்டேன். எனக்கு அப்படித்தான். கோபமானாலும் சந்தோஷமானாலும் முதலில் ஆட்டம், காரணம் பிறகுதான்.

காரணம் சின்னதல்ல. பெருமுக்கல் பக்கத்தில் வெப்பாலையும் நுணாவும் காரையும் களாவும் அடர்ந்த ஒரு காடு இருந்தது. அதை வெட்டிவிட்டுச் சவுக்கு வைக்கலாம் என்று மேலிடத்தில் ஒரு பேச்சு. மண்ணில் சத்தே இல்லை, வெறும் சரளை, இந்தக் காடு இருந்தென்ன போயென்ன என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள். மண் ஆராய்ச்சிக்காரரான அப்பாதுரை சாருக்கு இதைக் கேட்டாலே மூக்கு சிவந்துவிடும். "மரம் மண்ணிலேருந்து எடுத்ததை இலையா உதிர்த்து மண்ணுக்கே திருப்பிக் குடுக்குது. நடுவுல புகுந்து அத்தனை சருகையும் அடுப்புக்கும் சூளைக்கும் கூட்டி அள்ளிட்டுப் போயிட்டு, மண்ணுல சத்து இல்லைங்கறாங்க. சருகைத் தொடாம விட்டுப் பாருங்க, மண்ணு தானா தேறும்" என்று சண்டை போட்டார். சரி, தேற்றிக் காட்டு என்று 1961இல் இரண்டு வருஷம் கெடு கொடுத்தார்கள்.

காட்டுக்குள் மூன்று இடத்தில் முள்வேலி போட்டோம். வேலிக்குள் விழும் சருகை யாரும் தொடக்கூடாது. ஒவ்வொரு வேலியை ஒட்டியும் அதே அளவில் ஒரு திறந்த இடம். அதில் விழும் சருகை வாராவாரம் கூட்டி எடுத்துவிட வேண்டும். இரண்டு வருஷம் கழித்து உள்மண்ணையும் வெளிமண்ணையும் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும். இந்த வேலைக்கு ஃபீல்டு அசிஸ்டென்ட் நான். எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் நான் ஒருவன்தான் என்பதைக் கேட்காதவர்களுக்கும் சொல்லிவிடுவேன். ஆனால் வேலை டெம்ப்ரவரி. காடு நின்றால் திட்டம் தொடரும், நானும் பெர்மனென்ட் ஆவேன். காடு விழுந்தால் நானும் விழ வேண்டியதுதான்.

அந்தச் சோதனையின் முடிவுதான் சார் கையில் இருந்தது. முதல் வேலிக்குள் இருந்த மண்ணில் வெளிமண்ணைப் போல இரண்டு மடங்கு சத்து. இரண்டாவது வேலியில் அதற்கும் கொஞ்சம் மேலே. மூன்றாவதில் மட்டும் ஒன்றேகால் பங்கு.

"மூணாவது ஏன் சார் அப்படி?" என்று கேட்டேன்.

"பை மாறியிருக்கும். அதை விட்டுடலாம். ரெண்டு வேலி போதும்ப்பா, வெள்ளிக்கிழமை விழுப்புரம் மீட்டிங்ல வாயடைச்சுப் போயிடுவாங்க!" என்றார். "நீ போய் ரெண்டு வேலிக்குள்ளேருந்தும் நல்லா பெரிய மண்கட்டியா வெட்டிட்டு வா. கண்ணாடி ஜாடியில போட்டு மேஜை மேலேயே வைக்கறேன்."

மறுநாள் வியாழக்கிழமை. பெருமுக்கல் வரைக்கும் சைக்கிளை மிதிக்கவில்லை, பறந்தேன். இரண்டு மழை பெய்து காடே குளித்துவிட்டு நின்றது. மே மாதம் மண் எடுக்க வந்ததற்குப் பிறகு நான் வேலிக்குள் கால் வைக்கவில்லை. அன்றைக்குக் கோடையில் உதிர்ந்த சருகு எல்லாவற்றையும் மூடியிருந்தது, அடியில் மண் கறுகறுவென்று பொடியாக இருந்தது. ஆகா, இதுதான் காட்டின் மகிமை என்று ஒரு பிடி அள்ளி முகர்ந்து மெச்சிக்கொண்டவன் நான்.

முதல் வேலியின் படலைத் திறந்தேன். உள்ளே பறங்கிக்கொடி படர்ந்திருந்தது.

ஒரு கொடியல்ல, மூன்று. வெப்பாலை மரத்தில் ஒன்று ஏறியே விட்டது. அதன் பக்கத்தில் தக்காளிச் செடிகள், கீரைத்தண்டு, மிளகாய்க் கன்று ஒன்று. அரை மைலுக்குள் வீடு கிடையாது. காட்டு நடுவில் யாரப்பா சமையலுக்குத் தோட்டம் போட்டது? குனிந்து மண்ணைக் கிளறினேன். மக்கிய வைக்கோல், சாம்பல், உடைந்த வளையல் துண்டு. இது மாட்டுக் கொட்டகைக் குப்பை.

அந்த நேரம் பார்த்துப் பூமாலை அக்கா தலையில் கூடையோடு பாதையில் வந்தாள். எங்கள் தெருக்காரி, எனக்கு அக்கா முறை. வேலிகளைப் பார்த்துக்கொள்ள வாட்சராக அவளைச் சேர்த்துவிட்டதே நான்தான். இரண்டு மாடும், விளைச்சலில் பங்கு கொடுத்து உழும் அரை ஏக்கர் வாரத்து நிலமும், ஓயாத வாயும் அவள் சொத்து.

"இன்னாடா மாசி, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கற?" என்று கூடையை இறக்கினாள். கூடை நிறையக் குப்பை.

"அக்கா, இது இன்னா?"

"பாத்தா தெரியல? குப்பை. ரெண்டு வருஷமா வாரத்துக்கு நாலு கூடை போட்டுக்கினுதான் இருக்கறேன். மழை வந்தாலும் நிறுத்தினது இல்ல. உங்க சாரு வந்தா சொல்லு."

"உன்ன யாரு குப்பை போடச் சொன்னது?"

"நீதாண்டா சொன்ன! இதே எடத்துல நின்னுக்கினு, 'அக்கா, வெளியில சுத்தமா கூட்டிடணும், வேலிக்குள்ள குப்பையை அப்படியே போட்டுடணும்'னு சொல்லல? மறந்துட்டியா?"

சொன்னேன்தான். சார் எனக்குச் சொன்ன அதே வார்த்தை. அப்பாதுரை சார் பட்டணத்துக்காரர். 'குப்பையை அப்படியே போட்டுடணும்' என்றால் அவருக்கு, உதிர்ந்தது உதிர்ந்தபடி கிடக்கட்டும் என்று அர்த்தம். எனக்கும் அது புரிந்தது. புரிந்ததை என் பாஷையில் சொல்லியிருக்கலாம். சருகைத் தொடாதே என்று இரண்டே வார்த்தை. ஆனால் ஆபீசர் வார்த்தையை ஆபீசர் மாதிரியே சொல்லிப் பார்க்கிற ஆசை எனக்கு. எங்கள் ஊரில் குப்பை என்றால் எரு, குப்பை போடுவது என்றால் நிலத்துக்கு எருப் போடுவது. அப்படியே போட வேண்டும் என்றதால் பொறுக்காமல் சலிக்காமல் அப்படியே போட்டிருக்கிறாள், வளையல் துண்டோடு.

ஆத்திரத்தில் பறங்கிக்கொடியை வேரோடு பிடுங்கி எறிந்தேன்.

"டேய், பிஞ்சு வச்சிருந்துச்சிடா!" என்று அவள் மாரில் அடித்துக்கொண்டாள்.

"இத்தனையும் பிடுங்கிட்டு வாயை மூடிக்கினு இரு அக்கா. இது வெளியில தெரிஞ்சா என் வேலை போச்சு."

உண்மையாகவே அதுதான் என் எண்ணம். நாளைக்கு ஜாடியில் கறுப்பு மண், தாளில் இரண்டு மடங்கு, காடு தப்பும், நான் பெர்மனென்ட். யாருக்கு என்ன நஷ்டம்? இரண்டாவது வேலிக்கும் ஓடிப் போய் அங்கிருந்த கொடிகளையும் பிடுங்கினேன். அப்புறம்தான் மூன்றாவது வேலியின் ஞாபகம் வந்தது. அது ஓடையைத் தாண்டிப் பாறைக்கு மேலே இருந்தது.

"அக்கா, மேல இருக்கற வேலிக்கும் போட்டியா?"

அதுவரை வாயடித்துக்கொண்டிருந்தவள் தலையைக் குனிந்தாள். "பொய் சொல்ல மாட்டேண்டா. கூடையைச் சொமந்துக்கினு பாறை ஏற முடியல, முட்டி நோவுது. வெறுங்கையோட ஏறி வெளியில கூட்டினதோட சரி. அங்க ஒரு கூடைகூடப் போடல. அதுக்காகச் சாரு என்னை நிறுத்திடுவாரா?"

பை மாறவில்லை! மூன்றில் கெட்டுப்போனது அந்த இரண்டும்தான். சார் தள்ளிவிடப் போகிற அந்த ஒன்றேகால்தான் காடு சொன்ன உண்மை!

பாறை மேல் ஓடினேன். முட்டி பெயர்ந்ததுகூடத் தெரியவில்லை. மூன்றாவது வேலிக்குள் பறங்கி இல்லை, தக்காளி இல்லை. மேலே போன மாதத்துச் சருகு, அதற்குக் கீழே போன வருஷத்துச் சருகு வலையாக அரிக்கப்பட்டு, அதற்கும் கீழே விரற்கடை ஆழத்துக்குக் கறுப்பு மண். ஈரமாக இருந்தது. கையில் எடுத்தால் நாலைந்து மண்புழு நெளிந்தது. வேலிக்கு வெளியே கூட்டிக் கூட்டி வழித்த தரையில் விரலை வைத்தேன், நகம்தான் வலித்தது. இந்த உள்மண்ணுக்கு யாரும் ஒரு கூடை சுமக்கவில்லை. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது, கத்தினேன். கீழேயிருந்து பூமாலை அக்கா, பாம்பு கடித்துவிட்டதா என்று அலறினாள்.

இனி இதை மறைத்தால் நான் மனிதனே இல்லை என்று தோன்றிவிட்டது. வேலை போனால் போகட்டும் என்று அப்போது நினைத்தேன். பாதி வழியில் வேலை போக வேண்டாமே என்றும் நினைத்தேன். ஆனாலும் சைக்கிளைத் திருப்பவில்லை.

அப்பாதுரை சார் எல்லாவற்றையும் நின்றுகொண்டே கேட்டார். பிறகு மண் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நான் சொன்ன அதே வார்த்தையா?"

"அதே வார்த்தைதான் சார். எழுத்துப் பிசகல."

இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். கடுதாசியை எடுத்தார், மூன்றாவது வரியில் விரல் வைத்தார், மெதுவாக எழுந்தார்.

"வெறும் இலை! ரெண்டே வருஷத்துல வெறும் இலை ஒண்ணை ஒண்ணேகாலாக்கியிருக்கு! முட்டாள், நான் முழு முட்டாள், இதைப்போய் விட்டுடலாம்னேனே!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அந்த இரண்டு மடங்குக்கு அவர் இவ்வளவு குதிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் விழுப்புரம் போனோம். மீட்டிங்கில் எழுந்து பறங்கிக்கொடி உட்பட ஒன்று விடாமல் சொன்னார் சார். சுற்றி உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் சுவரோரம் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். சிரித்து ஓய்ந்த பிறகு தலைமை அதிகாரி அந்தக் கடுதாசியை வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரே ஒரு வேலியை வச்சு நான் எதையும் முடிவு பண்ண முடியாது. சத்து இல்லைன்னும் இனிமே சொல்ல முடியாது. முப்பது வேலி போடுங்க. மூணு வருஷம். அதுவரைக்கும் ஒரு மரம் வெட்டக்கூடாது. இந்தப் பையனையே பெர்மனென்ட் ஆக்கிடுங்க, தப்பை ஒத்துக்கறவன் கெடைக்கறது கஷ்டம்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு உட்காரத் தோன்றவில்லை. இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். திண்டிவனத்தில் இறங்கிய கையோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே பூமாலை அக்காவின் நிலத்துக்குப் போனேன். கேப்பைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பிலிருந்தே கத்தினேன், காடு தப்பிச்சிடுச்சு, வேலை நெலச்சிடுச்சு என்று. அவளும் களைக்கொத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். மூன்றாவது வேலி எப்படிக் காப்பாற்றியது என்று மூச்சு விடாமல் விளக்கினேன்.

கேட்கக் கேட்க அவள் சிரிப்பு நின்றது.

"அப்போ காட்டுக்கு அது உதுக்கற இலையே போதும்?"

"போதும் அக்கா! அதான் விஷயமே!"

"அப்போ என் நெலத்துக் குப்பையை ரெண்டு வருஷமா எதுக்குடா அங்க சுமந்தேன்?"

அப்போதுதான் அந்தக் கேப்பையைப் பார்த்தேன். முழங்கால் உயரத்துக்கு மேல் வரவில்லை. மஞ்சள் பாய்ந்து நின்றது. பக்கத்து நிலத்துக் கேப்பை இடுப்பளவு. இரண்டு மாட்டுக் குப்பை எவ்வளவு வரும் என்று எனக்குத் தெரியாதா? அத்தனையும் காட்டுக்குப் போயிருக்கிறது. போன வருஷமும் இப்படித்தான் இருந்திருக்கும். நான் வந்து பார்த்ததில்லை.

"உன் வேலை நெலைக்கணும்னுதாண்டா போட்டேன். காடு தனக்குத் தானே போட்டுக்குது. எனக்கு யாரு போடறது?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

அந்தக் குப்பையை அவள் நிலத்துக்கே திருப்பிக் கொண்டுபோகலாமா என்று திங்கட்கிழமை சாரிடம் கேட்டேன். "அந்த ரெண்டு வேலியும் இனி நமக்கு ஆகாது. நம்ம போட்டதை நாமதான் எடுக்கணும்" என்றார். அன்றைக்கே காக்கிச் சட்டையைக் கழற்றி வெப்பாலைக் கிளையில் மாட்டிவிட்டு வெட்ட ஆரம்பித்தேன். பத்து நாள், ஒரு நாளைக்குப் பத்து நடை. கூடை என் தலையில், மண்வெட்டி பூமாலை அக்கா கையில். வியர்வையும் எருவும் கலந்து முகத்தில் வழிந்தது.

அவள் நிலத்துக்கு எங்கள் தெரு வழியாகத்தான் போக வேண்டும். இரண்டாம் நாளே கண்ணையன் வழிமறித்தான். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னைக் கண்டால் வயிறெரிகிற ஆள்.

"இன்னாடா மாசிலாமணி, தலைல குப்பைக்கூடை? கவர்மென்ட்டு வேலை போயிடுச்சா?"

"இல்லடா. இப்பதான் நெலச்சுது. ஜல்தி வழி விடு, கழுத்து நோவுது" என்றேன்.